சிந்தாமல் எண்ணெய் ஊற்றுவது எப்படி?



ஒரு பாத்திரத்திலுள்ள எண்ணெயை மற்றொன்றில் ஊற்றுவதற்கு விஞ்ஞானம் படித்திருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நம் வீட்டுப் பாட்டிமார் எந்தக் கல்லூரிக்கும் போகாமலே டின்னிலிருந்து ஜாடிக்கு நல்லெண்ணெயை ஒரு சொட்டும் கீழே விழாமல் மாற்றிவிடுகிறார்கள். நானோ பௌதிகத்தில் பட்டம் பெற்று, மேற்படிப்புக்காக ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தவன். அப்படிப்பட்ட நான் சென்ற குளிர்காலத்தில் இரண்டு லிட்டர் எண்ணெயை மண்ணில் கொட்டினேன். அதிலும் வேடிக்கை என்னவென்றால், ஊற்றும்போது ஒரு சொட்டும் சிந்தவில்லை! அஃது எப்படி நேர்ந்தது என்பதையும், நேராமல் தடுப்பது எப்படி என்பதையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் பல்கலைக்கழகத் தோட்டத்தில் ஒரு சிறிய டிராக்டர் உண்டு. வயலை உழும் பெரிய டிராக்டர் அன்று; பாத்திகளுக்கு நடுவே திரும்பக்கூடிய தோட்ட டிராக்டர். புல் வெட்டும் கருவியையும், எருச் சுமக்கும் டிப்பர் பெட்டியையும் அதில் மாற்றி மாற்றிப் பூட்டுவார்கள். அதை ஓட்டுபவர் அறுபதை நெருங்கும் தோட்டக்காரர். மரக்கன்று நட ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகும் மாணவர்கள் எல்லோரும் அவரைச் 'சாச்சா' என்று அழைப்போம். இந்தியில் சித்தப்பா என்று பொருள். அவர் எங்களைப் 'பேட்டா' என்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அப்போது கடைக்குப் போய்ப் பால் வாங்கும் அளவுக்குத்தான் இந்தி தெரியும்.

அன்று எருவைக் கொட்டிய பிறகு பெட்டி மேலே தூக்கியபடியே நின்றது. கீழே விழாதிருக்க அதற்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். இருக்கைக்குக் கீழே இருந்த ஹைட்ராலிக் எண்ணெய்த் தொட்டியின் மூடியைச் சாச்சா துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது அலுவலகத்திலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "பஹ்லே நீச்சே, ஃபிர் தேல்" என்றார். 'முதலில் கீழே, பிறகு எண்ணெய்' என்று பொருள். எதை முதலில் கீழே? கையில் எண்ணெய் டின்னுடன் நின்ற நான், டின்னைத்தான் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். டின்னைக் கீழே வைத்தேன். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் குறிக்கு வெகு கீழே இருந்தது. சாச்சா திரும்பி வருவதற்குள் வேலையை முடித்து அவரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையில், புனலை வைத்து மூன்றரை லிட்டர் ஊற்றினேன். எண்ணெய் மேற்குறியைத் தொட்டது. மூடியை மேலே வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

சாச்சா வந்தார். மூடி மூடியிருந்ததைப் பார்த்து, நான் இன்னும் ஊற்றவில்லை என்று நினைத்திருக்கிறார். முட்டை எடுத்துவிட்டு, நெம்புகோலை இழுத்துப் பெட்டியை இறக்கினார். பெட்டி இறங்க இறங்க, பால் பொங்குவது போல் எண்ணெய் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, பக்கத்திலிருந்த செண்டுமல்லிப் பாத்திக்குள் ஓடிற்று.

எண்ணெய் வாங்கியதற்கு ஏட்டில் கையெழுத்திட்டவர் சாச்சா. நெம்புகோலை இழுத்தவரும் அவரே. ஆகவே கவனக்குறைவு என்று அவர் பெயரில் எழுதி, கொட்டிய எண்ணெயின் விலையை அவருடைய கூலியில் பிடித்துவிட்டார்கள். எனக்கு இது சில வாரங்கள் கழித்தே தெரிந்தது. கவனக்குறைவு யாருடையது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எண்ணெய்க்கு அங்கே என்ன வேலை?

டிராக்டரில் பல எண்ணெய்கள் உண்டு. எஞ்சினில் ஊற்றும் எண்ணெய் உராய்வைக் குறைப்பதற்காக. ஹைட்ராலிக் எண்ணெய் அந்த வேலையைச் செய்வதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. அதுவே பாரம் தூக்குகிறது.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம், அத்திரவம் எங்கும் குறையாமல் பரவும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் கண்டார். அவர் 1662-இல் இறந்தார். இதை விளக்கும் அவருடைய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. இதன் பயனை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 1 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சிறிய உருளையில் 10 கிலோகிராம் எடையை வைத்து அழுத்துவதாகக் கொள்வோம். அதனுடன் குழாயால் இணைந்த பெரிய உருளையின் பரப்பு 50 சதுர சென்டிமீட்டரானால், அங்கே 500 கிலோகிராம் எடையைத் தாங்கலாம். ஆனால் இயற்கை எதையும் இனாமாகக் கொடுப்பதில்லை. பெரிய உருளையின் தண்டு 1 சென்டிமீட்டர் உயர வேண்டுமானால், சிறியதன் தண்டு 50 சென்டிமீட்டர் கீழே போக வேண்டும். அஃதாவது, அவ்வளவு திரவம் ஓரிடத்தை விட்டு மற்றோரிடத்திற்குப் போயாக வேண்டும். பாஸ்கல் விதியைப் படித்த நாம் எல்லோரும் முதற்பகுதியை நினைவில் வைத்து, இந்த இரண்டாம் பகுதியை மறந்துவிடுகிறோம். நான் மறந்ததும் அதைத்தான்.

1795-இல் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் இத்தத்துவத்தை வைத்து அழுத்தப்பொறி ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். அதில் வேலை செய்தது தண்ணீர். தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். தேயும் பாகங்களுக்கு மசகாகவும் உதவாது. எனவே பிற்காலத்தில் எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தது. டிராக்டரையும் ஹைட்ராலிக் தூக்கியையும் ஒன்றாகப் பொருத்தி உழவுத்தொழிலையே மாற்றியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். கலப்பையின் ஆழத்தை ஹைட்ராலிக் முறையால் தானே சரி செய்துகொள்ளும் ஏற்பாட்டை அவர் 1920-களில் உருவாக்கினார். 1936-இல் அம்முறை அமைந்த டிராக்டர் விற்பனைக்கு வந்தது. அவர் பெயரைத் தாங்கிய மாசி பெர்குசன் கம்பெனியின் கூட்டுறவோடுதான் 1960-இல் சென்னையில் டாஃபே டிராக்டர் நிறுவனம் தோன்றியது. ஆகவே நம் ஊர் வயல்களில் ஓடும் டிராக்டர்களுக்கும் இக்கதைக்கும் நெருங்கிய உறவு உண்டு.

தொட்டியில் இல்லாத எண்ணெய் எங்கே?

இனி எங்கள் தோட்ட டிராக்டருக்கு வருவோம். டிப்பர் பெட்டியைத் தூக்கும் உருளையின் உள்விட்டம் 8 சென்டிமீட்டர். அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 50 சதுர சென்டிமீட்டர். தண்டு வெளியே வரும் நீளம் 60 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 3,000 கன சென்டிமீட்டர். அஃதாவது 3 லிட்டர்.

பெட்டி மேலே நிற்கும்போது இந்த 3 லிட்டரும் உருளைக்குள் நிற்கிறது. தொட்டியில் அந்த அளவு குறைந்திருக்கும். பெட்டியை இறக்கினால், பெட்டியின் எடையே அந்த எண்ணெயைத் தள்ளித் தொட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடும். அதற்கு எஞ்சின் ஓடவேண்டும் என்பதும் இல்லை.

தொட்டி மேற்குறி வரை 8 லிட்டர் கொள்ளும்; விளிம்பு வரை 9 லிட்டர். அன்று பெட்டியை இறக்கி அளந்திருந்தால் தொட்டியில் ஏழரை லிட்டர் இருந்திருக்கும். உண்மையில் குறைந்திருந்தது அரை லிட்டர்தான். பெட்டி மேலே நின்றதால் தொட்டியில் நாலரை லிட்டரே இருந்தது. நான் மூன்றரை லிட்டர் ஊற்றி 8 ஆக்கினேன். பெட்டி இறங்கியதும் 3 லிட்டர் திரும்பி வந்தது. 8-உம் 3-உம் 11. தொட்டி கொள்வது 9. எஞ்சிய 2 லிட்டர் செண்டுமல்லிப் பாத்திக்குப் போயிற்று.

'முதலில் கீழே' என்று சாச்சா சொன்னது டின்னை அன்று, பெட்டியை. அவருக்குப் பாஸ்கலின் பெயர் தெரியாது. ஆனால் எண்ணெய் எங்கே இருக்கிறது என்பது தெரியும். எனக்குப் பாஸ்கலைத் தெரியும். எண்ணெய் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

டிப்பர் இல்லாத டிராக்டரிலும் இதே கதைதான். பின்னால் கலப்பையையோ புல்வெட்டியையோ தூக்கி நிறுத்தும் கைகள் உயர்ந்திருந்தால், அவற்றின் உருளைக்குள் சில நூறு மில்லி லிட்டர் எண்ணெய் ஒளிந்திருக்கும்.

காற்றுக்கும் வழி விடுங்கள்

எண்ணெய் இருக்கும் இடத்தை அறிந்தாயிற்று. அடுத்துக் கேட்கவேண்டிய கேள்வி, காற்று எங்கே போகும் என்பது. காலித் தொட்டி என்று நாம் சொல்வது உண்மையில் காலி அன்று, காற்று நிறைந்தது. ஒரு லிட்டர் எண்ணெய் உள்ளே போக வேண்டுமானால், ஒரு லிட்டர் காற்று வெளியே வர வேண்டும். புனலின் தண்டு தொட்டியின் வாயை இறுக அடைத்துக்கொண்டால், காற்று எண்ணெயின் ஊடே குமிழியாகக் கிளம்பும். குமிழி வெடிக்கும்போது எண்ணெய் தெறிக்கும். அல்லது புனல் வடியாமல் நின்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிரம்பி வழியும்.

இதற்குப் பரிகாரம் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. புனலுக்கும் ஜாடியின் வாய்க்கும் நடுவே ஓர் ஈர்க்குச்சியைச் செருகிவிட்டால் புனல் கடகடவென்று வடிவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். குச்சி புனலைச் சற்றே தூக்குகிறது. அந்த இடுக்கு வழியே காற்று வெளியேறுகிறது. டிராக்டருக்கு ஈர்க்குச்சி ஆகாது, தூள் உதிரும். சுத்தமான கம்பித் துண்டு ஒன்று போதும்.

டின்னுக்கும் இதே நியாயந்தான். எண்ணெய் டின்னில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளைகள் போடுவது கடைக்காரர் வழக்கம். ஒன்றில் எண்ணெய் வெளியே வரும். மற்றொன்றில் காற்று உள்ளே போகும். ஒரே வாயுள்ள டப்பாவானால், வாய் கீழ்ப்புறம் இருக்கும்படி சாய்ப்பதே பலருடைய வழக்கம். எண்ணெய் வாயை முழுதும் அடைத்துக்கொள்ள, டப்பா 'குடுக், குடுக்' என்று விக்கி விக்கி ஊற்றும். ஒவ்வொரு விக்கலுக்கும் கொஞ்சம் சிந்தும். அதே டப்பாவை, வாய் மேற்புறம் இருக்கும்படி திருப்பிப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வாயின் கீழ்ப்பாதியில் எண்ணெய் வழியும். மேற்பாதியில் காற்று நுழையும். ஒழுக்கு நூல் பிடித்தாற்போல் விழும்.

ஒட்டும் எண்ணெயும் தயங்கும் எண்ணெயும்

டபராவிலிருந்து காபியை மெதுவாகச் சாய்த்தால், அது தம்ளருக்குள் விழாமல் டபராவின் அடிப்புறமாக வழிந்து கையை நனைக்கும். வேகமாகச் சாய்த்தால் வளைந்து பாய்ந்து தம்ளரில் விழும். தேநீர்க் கெண்டியிலும் இதே தொல்லை உண்டு. 1956-இல் மார்க்கஸ் ரைனர் என்ற விஞ்ஞானி இதை ஓர் ஆராய்ச்சிப் பிரச்சினையாகவே எழுப்பினார். மறு ஆண்டு ஜோசப் கெல்லர் என்ற கணித அறிஞர் விளக்கம் எழுதினார். விளிம்பை ஒட்டித் திரும்பும் திரவத்தில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதால், காற்று அதை விளிம்போடு சேர்த்து அழுத்துகிறது என்பது அவர் கண்ட காரணம். விளிம்பு கூர்மையாக இருந்தால் திரவம் எளிதில் பிரியும், மழுங்கியிருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பயந்து பயந்து சொட்டுச் சொட்டாக ஊற்றாதீர்கள். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் தயங்காமல் சாய்த்து, தயங்காமல் நிமிர்த்துங்கள்.

வடஇந்தியக் குளிர்காலத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. எண்ணெயின் பாகுத்தன்மை குளிரில் வெகுவாக ஏறிவிடும். டப்பாவின் மேல் 46 என்ற தர எண் இருந்தால், 40 பாகை வெப்பத்தில் அதன் பாகுத்தன்மை 46 சென்டிஸ்டோக் என்று பொருள். அறை வெப்பத்திலுள்ள தண்ணீருக்கு அது ஏறத்தாழ 1. பனி மூடிய காலையில் அதே எண்ணெய் இன்னும் பல மடங்கு தடித்துப் பாகு போல் நிற்கும். அப்போது புனலின் தண்டு குறுகலாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். குழாயில் பாகுத்திரவம் ஓடும் அளவு விட்டத்தின் நாலாம் மடியைப் பொறுத்தது என்பது புவாசேயின் விதி. விட்டத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே தொட்டியின் வாய் கொள்ளும் அளவுக்கு அகலமான தண்டுள்ள புனலையே தேர்ந்தெடுக்க வேண்டும். டப்பாவைச் சற்று நேரம் வெயிலில் வைத்து எடுப்பதும் நல்லது. அடுப்பருகே கொண்டுபோக வேண்டாம்.

இருக்கைக்கு அடியில் புனல் நுழையாத இடமானால், புனலின் தண்டில் ரப்பர்க் குழாய் மாட்டி ஊற்றலாம். ஊற்றி முடிந்ததும் குழாயை வெடுக்கென்று உருவக்கூடாது. ஒன்றரை சென்டிமீட்டர் உள்விட்டமும் 60 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாயில் 100 மில்லி லிட்டருக்கு மேல் எண்ணெய் தங்கும். அது வடியும்வரை பொறுத்திருந்து, நுனியைத் துணியால் பொத்திக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும்.

விளிம்பு வரை ஏன் ஊற்றக்கூடாது?

சூடேறினால் எண்ணெய் விரியும். ஒரு பாகை வெப்பத்திற்கு 10,000-இல் 7 பங்கு என்பது இத்தகைய எண்ணெய்களுக்கு ஏற்ற தோராயக் கணக்கு. 8 லிட்டர் எண்ணெய் 20 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏறினால் 200 மில்லி லிட்டருக்கு மேல் பெருகும். வேலை செய்யும்போது எண்ணெயில் காற்றுக் கலந்து நுரைப்பதும் உண்டு. அதற்கெல்லாம் இடம் விட்டே மேற்குறியைப் போட்டிருக்கிறார்கள். குறிக்கு மேல் காலியாக இருக்கும் இடம் வீண் இடம் அன்று. அது எண்ணெய் மூச்சு விடும் இடம்.

செய்முறை

இதுகாறும் கூறியவற்றை வரிசைப்படுத்தினால் வேலை எளிதாகும்.

1. டிராக்டரைச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கைப் பிரேக்கைப் போடுங்கள்.

2. தூக்கியிருக்கும் பெட்டி, கலப்பை, புல்வெட்டி யாவற்றையும் முழுதும் கீழே இறக்குங்கள். இறக்குமுன், அடியில் ஆளோ கையோ இல்லை என்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். முட்டுக் கொடுக்காத பெட்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள். குழாய் ஒன்று வெடித்தால் பெட்டி ஒரு நொடியில் கீழே வந்துவிடும்.

3. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். எண்ணெய் சூடாக இருந்தால் ஆறவிடுங்கள்.

4. மூடியைத் திறப்பதற்கு முன்பே அதன் சுற்றுப்புறத்தை நூல் பிரியாத துணியால் துடையுங்கள். ஹைட்ராலிக் பம்பின் உள்ளே பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனைவிட மிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியாத மணல்கூட அங்கே அரம் போல் அராவிவிடும்.

5. கையேட்டைப் பார்த்து, அதில் சொன்ன எண்ணெயையே ஊற்றுங்கள். பல டிராக்டர்களில் பற்சக்கரப் பெட்டிக்கும் ஹைட்ராலிக் தூக்கிக்கும் ஒரே எண்ணெய், சிலவற்றில் தனித்தனி. பிரேக் திரவம் முற்றிலும் வேறு இனம். அதை இங்கே ஊற்றினால் எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் வளையங்கள் உப்பிக் கெட்டுவிடும்.

6. அளவுக் கம்பியைத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; அதன்மேல் புதிதாக ஊற்றிப் பயனில்லை. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

7. தொட்டியின் வாய்க்குக் கீழே ஒரு தட்டையோ பழைய துணியையோ விரியுங்கள். புனலை வைத்துக் காற்றுக்கு வழி செய்யுங்கள்.

8. எவ்வளவு குறைவு என்று மதிப்பிட்டு, அதில் பாதியை முதலில் ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து அளந்து பாருங்கள். தடித்த எண்ணெய் சுவரில் ஒட்டி மெதுவாக இறங்கும். உடனே பார்த்தால் கம்பி பொய் சொல்லும். பிறகு மிச்சத்தைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். ஊற்றுவது எளிது; மிகுந்ததை எடுப்பது கடினம்.

9. மூடியை இறுக மூடி, எஞ்சினை ஓட்டி, பெட்டியை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். குழாய்களில் சிக்கிய காற்று தொட்டிக்குத் திரும்பும். மீண்டும் முழுதும் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சற்றுப் பொறுத்து அளந்து, தேவையானால் கொஞ்சம் சேருங்கள்.

10. ஊற்றிய அளவையும் நாளையும் ஏட்டில் குறியுங்கள். எண்ணெய் எரிந்து தீர்வதில்லை. அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

கசிவைத் தேடும்போது ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது குழாயைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே முள் குத்தியது போல்தான் தெரியும். உள்ளே தசை அழுகி விரலையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்; கசிவிருந்தால் அட்டையில் தெரியும். யாருக்காவது தோலில் எண்ணெய் பாய்ந்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அப்படியும் சிந்திவிட்டால்

தண்ணீர் விட்டுக் கழுவுவதே நமக்கு முதலில் தோன்றும். அது தவறு. தண்ணீர் எண்ணெயைக் கரைக்காது. சுமந்து சென்று இன்னும் அகலப் பரப்பும். மணலையோ மரத்தூளையோ மேலே போட்டு, உறிஞ்சியதும் வாரி எடுக்க வேண்டும். மண்ணில் ஊறியிருந்தால், ஊறிய மண்ணையே வெட்டி எடுக்க வேண்டும். எண்ணெய் மண்துகள்களைச் சூழ்ந்துகொண்டால் வேருக்குக் காற்றும் நீரும் எட்டா. வாரியதைச் சாக்கடையிலோ எருக்குழியிலோ போடக்கூடாது. பயன்படுத்திய எண்ணெயைத் தீங்கு தரும் கழிவு என்றே இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள் கருதுகின்றன. உரிமம் பெற்றவரிடமே அதை ஒப்படைக்க வேண்டும்.

எங்கள் பாத்தியில் ஒரு முழ ஆழத்திற்கு மண்ணை வெட்டி எடுத்தோம். ஓரத்துச் செடிகள் சில பிழைத்தன. நடுவில் இருந்தவை பிழைக்கவில்லை.

நிற்க. சாச்சாவின் கூலி விஷயம் தெரிந்ததும் நான் மேற்பார்வையாளரிடம் போனேன். எண்ணெயை ஊற்றியவன் நான் என்று சொன்னேன். கையெழுத்து அவருடையதாயிற்றே என்றார்கள். மேலே நீங்கள் படித்த 8, 3, 11, 9 என்ற கணக்கையே ஒரு தாளில் எழுதி, என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பணம் அவருக்குத் திரும்பி வந்தது. ஏட்டில் எழுதிய 'கவனக்குறைவு' என்ற சொல் மட்டும் இன்னும் அடிக்கப்படவில்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "முதலில் கீழே என்றேனே, பேட்டா" என்றார். "எதை என்று எனக்குப் புரியவில்லை, சாச்சா" என்றேன். "புரியாவிட்டால் கேட்டிருக்கலாமே" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. புரியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை. அயலூரில் அயல்மொழிக்கு நடுவே படிக்க வந்திருக்கும் உங்களுக்கும் அந்த வெட்கம் பழக்கமானதாகவே இருக்கும். வகுப்பில் அதனால் ஒரு மதிப்பெண் போகலாம். இயந்திரத்தின் அருகே போவது அதைவிடப் பெரிது. அதன் விலையைக் கொடுப்பவர் சில சமயம் இன்னொருவர்.

இப்போது அந்தத் தொட்டியின் மேல் வெள்ளைச் சாயத்தில் இந்தியில் ஒரு வரி இருக்கிறது. சாச்சா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு எழுத்துப் பிழைகளை அவருடைய பேத்தி திருத்தினாள். 'முதலில் பெட்டியைக் கீழே இறக்கு, பிறகு எண்ணெய் ஊற்று' என்பது அவ்வரி. எதை என்ற சொல்லை இம்முறை விடவில்லை.

உங்களுள் பலர் வீட்டில் டிராக்டர் இருக்கும். விடுமுறைக்குப் போகும்போது அதன் எண்ணெய்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டுகிறவரிடம் உட்கார்ந்து, என்ன வரிசையில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். கேட்ட பிறகு அவ்வரியைத் தமிழில், எதை என்ற சொல் விடாமல், தொட்டியின்மேல் எழுதி வையுங்கள்.